சிப் வடிவமைப்பு வேலைக்கு எந்த மென்பொருளைப் படிப்பது?

கேள்வி, ஜனவரி 8

மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிப் வடிவமைப்பில் வேலைக்குப் போக வேண்டும். வெரிலாக் தெரியும் (சுற்றுகளை எழுத்தில் விவரிக்கும் மொழி). நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் எங்கள் கல்லூரியில் இல்லை. அவை தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போவது வீண் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். எந்த மென்பொருளை முதலில் கற்க வேண்டும்? வெரிஃபிகேஷன் (வடிவமைப்பு சரியா என்று சோதிக்கும் வேலை) வேண்டாம், டிசைன்தான் வேண்டும்.

ஜனவரி 8, இரவு

மென்பொருள் பெயர்ப் பட்டியலை வேறு யாராவது தருவார்கள். நான் தரப்போவதில்லை. எழுதிய வெரிலாக்கைச் சுற்றாக மாற்றும் சிந்தசிஸ் கருவியின் கட்டளைகளை, வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களில், பக்கத்து இருக்கைக்காரரின் ஸ்கிரிப்டைப் பார்த்தே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கருவி மாறும். ஒரே நிறுவனத்தில் இரண்டு திட்டங்களுக்கு நடுவிலும் மாறும். அது தெரியவில்லை என்பதற்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

எதற்காக அனுப்பினேன் என்று சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காரும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது. தன்விவரக் குறிப்பில் "ஐந்து கட்ட பைப்லைன் கொண்ட ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்" என்று இருக்கும். பைப்லைன் என்றால், ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்தது உள்ளே நுழைந்து கட்டம் கட்டமாக அதன் பின்னாலேயே வருவது. நான் கேட்பது ஒன்றுதான். நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்கும் லோட் கட்டளை. அதற்கு அடுத்ததாக வரும் கூட்டல் கட்டளைக்கு அதே மதிப்பு வேண்டும். என்ன நடக்கும்? "ஃபார்வர்டிங் இருக்கிறது" என்று உடனே பதில் வரும். மதிப்பைச் சேமித்து முடிக்கக் காத்திராமல் நேராக அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பாதை அது. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு, எந்தக் கிளாக் சுழற்சியில் என்று பலகையில் வரையச் சொன்னால் கை நின்றுவிடும். லோட் தன் நான்காம் கட்டத்தின் முடிவில்தான் மதிப்பைப் பெறுகிறது. கூட்டலுக்கோ அதே சுழற்சியின் தொடக்கத்திலேயே அது வேண்டும். எத்தனை ஃபார்வர்டிங் பாதை போட்டாலும் நேரத்தைப் பின்னால் தள்ள முடியாது. ஒரு சுழற்சி நிறுத்தியே ஆக வேண்டும். சிமுலேஷனில் தன் பிராசஸரின் சிக்னல்கள் மாறுவதைக் காட்டும் அலைவடிவத்தில் இதை ஒருமுறை பார்த்தவர் மறக்கவே மாட்டார். இணையத்திலிருந்து இறக்கிப் பெயர் மாற்றியவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஜனவரி 9

"வெரிலாக் தெரியும்" என்பது எவ்வளவு தெரியும் என்று நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி. அ, ஆ என்று மதிப்பைச் சேமிக்கும் இரண்டு ரிஜிஸ்டர்கள். கிளாக் விளிம்பில் இயங்கும் ஆல்வேஸ் தொகுதிக்குள் "அ = ஆ; ஆ = அ" என்று எழுதினால் என்ன ஆகும்? "அ <= ஆ; ஆ <= அ" என்று எழுதினால்? இரண்டாவதில் இரு வரிகளும் பழைய மதிப்புகளையே எடுப்பதால் அவை இடம் மாறும், முதலாவதில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் மாறாது என்பதுவரை பலரும் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து, முதலாவதற்குச் சுற்றை வரையச் சொல்வேன். ஆ-வின் வெளியீடு அ-வுக்கும் போகிறது, தன் உள்ளீட்டுக்கே திரும்பவும் வருகிறது. அதாவது ஆ என்பது எந்நாளும் மாறாத ஒரு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைச் சேமிக்கும் சுற்று). மொழியை மட்டும் படித்தவர் யார், சுற்றைப் பார்த்து எழுதுபவர் யார் என்பது இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

எல்ஸ் இல்லாத இஃப், டிஃபால்ட் இல்லாத கேஸ், அதனால் கேட்காமலே முளைக்கும் லாட்ச், அதாவது பழைய மதிப்பைப் பிடித்துவைக்கும் சுற்று. இதையும் கேட்பேன். விளக்கம் எழுதப் பொறுமை இல்லை. யோசிஸ் என்ற இலவச சிந்தசிஸ் கருவியில் போட்டுப் பாருங்கள், எந்த சிக்னலுக்கு லாட்ச் முளைத்தது என்று அதுவே சொல்லும்.

ஜனவரி 12

எஃப்பிஜிஏ (வேண்டிய சுற்றாக மாற்றியமைத்துக்கொள்ளும் சிப்) பலகையில் ஓட்டிக் காட்டினால் போதாதா என்று இன்னொருவர் கேட்கிறார். நல்ல விஷயம்தான், அதுவரைகூட வராதவர்கள் நிறைய. ஆனால் எஃப்பிஜிஏ இரக்க குணம் கொண்டது. பெரும்பாலான எஃப்பிஜிஏக்களில், சுற்றை அமைக்கும் கோப்பான பிட்ஸ்ட்ரீம் ஏறும்போதே ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரு தொடக்க மதிப்பு கிடைத்துவிடும். தனியாக வார்க்கப்படும் சிப்பில் அந்தச் சலுகை கிடையாது. மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு ஃபிளாப்பும் 0 ஆகவும் இருக்கலாம், 1 ஆகவும் இருக்கலாம்.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதி எஃப்பிஜிஏவில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. சிந்தசிஸ் தந்த சுற்றை ஓட்டிப் பார்க்கும் கேட் அளவிலான சிமுலேஷனுக்கு வந்ததும் அலைவடிவம் மேலிருந்து கீழ்வரை சிவப்பு, அதாவது 0ஆ 1ஆ என்று தெரியாத எக்ஸ். ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் பின்னால் போய்ப் பார்த்தால், ஒரு நான்கு பிட் எண்ணிக்கு, அதாவது கவுண்டருக்கு, ரீசெட் இல்லை. ஆர்டிஎல்லில், அதாவது எழுதிய வெரிலாக்கில், தொடக்க மதிப்பு தரும் இனிஷியல் தொகுதியில் அதற்கு 0 கொடுக்கப்பட்டிருந்தது. எஃப்பிஜிஏ கருவி அதை மதித்தது, சிமுலேட்டரும் மதித்தது, சிப்புக்கான சிந்தசிஸ் கருவி கண்டுகொள்ளவே இல்லை. எக்ஸ் கூட்டல் ஒன்று, எக்ஸ்தான். எண்ணி எத்தனை சுழற்சி ஓடினாலும் தெளியாது. அந்தத் தொகுதியை எழுதியவர் திறமைசாலி. பலகையில் ஓடுகிறதே என்பது அவர் கண்ணைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இதிலிருந்து மாணவருக்கு ஒரு வேலை. உங்கள் வடிவமைப்பிலுள்ள இனிஷியல் தொகுதிகளை எல்லாம் நீக்கிவிட்டு ரீசெட்டை மட்டும் நம்பி ஓட்டுங்கள். ஐகாரஸ் வெரிலாக் என்ற சிமுலேட்டரில் ஓட்டுங்கள், எக்ஸ் பரவுவது தெரியும். வெரிலேட்டர் வேகமானது, ஆனால் அடிப்படையில் 0, 1 என்ற இரண்டு நிலைகளை வைத்தே கணக்கிடுவது. இந்த வேலைக்கு அது தோதுப்படாது.

ஜனவரி 13

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். வெரிஃபிகேஷன் வேண்டாமாம்.

இது எங்கிருந்து பரவுகிறது என்று தெரியவில்லை, ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. டிசைன் என்றால் படைப்பு, வெரிஃபிகேஷன் என்றால் அடுத்தவன் வேலையைத் துடைப்பது என்று ஒரு நினைப்பு. 1994இல் பென்டியம் பிராசஸர் சில எண்களைத் தவறாக வகுத்தது. வகுத்தலுக்குப் பயன்பட்ட அட்டவணையில் இருக்க வேண்டிய 1066 மதிப்புகளில் 5 விடுபட்டிருந்தன. அதைக் கண்டுபிடித்தவர் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். இன்டெல் அதற்காக 475 மில்லியன் டாலர் செலவு எழுதியது. விடுபட்ட கட்டங்களைத் தொடும் எண்கள் அபூர்வம், அதனால்தான் வழக்கமான சோதனைகளில் அவை சிக்கவில்லை. அங்கே குறையாக இருந்தது டிசைன் அறிவு அல்ல. எதை இன்னும் சோதிக்கவில்லை என்று கேட்கும் அறிவு.

தன் ஆர்டிஎல்லுக்குத் தானே டெஸ்ட்பெஞ்ச் (சோதனை நிரல்) எழுதுவது, தன் விடைத்தாளைத் தானே திருத்துவது. விவரக்குறிப்பை எங்கே தவறாகப் புரிந்துகொண்டோமோ அங்கேயே சோதனையும் தவறாக இருக்கும், இரண்டும் ஒத்துப்போய் "தேறியது" என்று வரும். வகுப்பில் இரண்டு பேர் ஆளுக்கொரு தொகுதி எழுதி, மாற்றிச் சோதித்துக்கொண்டால் இதை முதல் நாளே அனுபவிக்கலாம். சண்டையும் வரும். விவரக்குறிப்பில் எழுதாமல் விட்ட வரியைப் பற்றித்தான் அந்தச் சண்டை இருக்கும், வேலையிலும் அப்படித்தான்.

ஜனவரி 13, பின்னிரவு

யுவிஎம் என்ற சோதனை நிரல் நூலகத்தின் வகுப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபேக்டரி, ஃபேஸ், சீக்வென்சர் எல்லாம் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஒரு சாதாரண ஃபைஃபோவில் (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) எந்தெந்த நிலைகளைத் தொட்டால் சோதனை முடிந்தது என்பீர்கள் என்று கேட்டால், நிறைந்தது, காலியானது என்ற இரண்டோடு நிற்பார்கள். நிறைந்திருக்கும்போது ஒரே சுழற்சியில் எழுதவும் படிக்கவும் வந்தால்? காலியாக இருக்கும்போது அப்படி வந்தால்? அடுத்து எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டி கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்குச் சுற்றும் அதே சுழற்சியில் நிறைந்தால்? பாதி நிறைந்திருக்கும்போது ரீசெட் வந்தால்? இந்தக் கேள்விகளுக்கு யுவிஎம் தேவையே இல்லை, காகிதம் போதும்.

ஜனவரி 16

செட்டப், ஹோல்ட் சூத்திரம் தெரியும், கேள்வியைத் திருப்பிக் கேட்டால் குழம்புகிறது என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறார். நேர்மையான கேள்வி. செட்டப் என்பது கிளாக் விளிம்புக்கு முன் தரவு மாறாமல் நிற்க வேண்டிய நேரம், ஹோல்ட் என்பது விளிம்புக்குப் பின் நிற்க வேண்டிய நேரம். எண்களை வைத்தே போவோம்.

கிளாக் விளிம்புக்குப் பின் முதல் ஃபிளாப் தரவை வெளிவிட 0.10 நானோவினாடி. நடுவிலுள்ள லாஜிக்கில் மிக நீண்ட பாதை 0.70, மிகக் குறுகிய பாதை 0.02. இரண்டாம் ஃபிளாப்புக்கு செட்டப் 0.05, ஹோல்டும் 0.05. கிளாக் 1 கிகாஹெர்ட்ஸ், ஆகவே சுழற்சி 1 நானோவினாடி. செட்டப் பக்கம் 0.10, 0.70, 0.05 சேர்ந்து 0.85, மிச்சம் 0.15. ஹோல்ட் பக்கம் தரவு 0.12இல் மாறுகிறது, 0.05 வரை மாறாமல் இருந்தால் போதும், மிச்சம் 0.07. இரண்டும் சரி.

இப்போது இரண்டாம் ஃபிளாப்புக்கு கிளாக் 0.10 தாமதமாக வந்து சேர்கிறது என்று வையுங்கள். செட்டப் மிச்சம் 0.25 ஆக உயர்ந்துவிட்டது, கொண்டாட்டம். ஹோல்டைப் பாருங்கள்: தரவு 0.15 வரை மாறாமல் நிற்க வேண்டும், 0.12இலேயே மாறிவிட்டது. 0.03 குறைகிறது. கிளாக்கின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். செட்டப் மிச்சம் 1.25 ஆகும், ஹோல்டில் அதே 0.03 குறையும். அந்தக் கணக்கில் சுழற்சியின் நீளம் வரவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தீர்கள் அல்லவா, இனி எப்படித் திருப்பிக் கேட்டாலும் குழம்பாது. செட்டப் தவறிய சிப்பை மெதுவாக ஓட்டி விற்கலாம். ஹோல்ட் தவறியதை என்ன வேகத்தில் ஓட்டினாலும் குப்பைக்குத்தான்.

குறுகிய பாதையில் பஃபர் சேர்த்துத் தாமதப்படுத்துவார்கள். அந்த பஃபர் நீண்ட பாதையும் சேர்ந்து போகும் கம்பியில் விழுந்தால் செட்டப்பைத் தின்னும். எங்கே போடுவது என்பது, சிப்பில் செல்களையும் கம்பிகளையும் அமைக்கும் பிசிக்கல் டிசைன்காரர்களின் தினசரித் தலைவலி.

ஜனவரி 20

கல்லூரியில் மென்பொருள் இல்லை என்ற குறைக்கு இப்போது வருகிறேன். அந்தக் குறை முன்பு உண்மை, இப்போது பாதி உண்மைகூட இல்லை. தொழிற்சாலையின் தொழில்நுட்பக் கோப்புகளைப் பார்க்கவே இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனமும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் கோப்புத் தொகுப்பைத் திறந்துவிட்டன. யோசிஸ் சிந்தசிஸ் செய்யும், ஓபன்ரோட் செல்களை அடுக்கிக் கம்பி இழுக்கும், கேலேஅவுட்டில் திறந்து பார்க்கலாம். எல்லாம் இலவசம். 130 நானோமீட்டர் பழையது என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். மேலே போட்ட செட்டப், ஹோல்ட் கணக்கு 3 நானோமீட்டரிலும் அதேதான்.

ஒரு சின்ன விளையாட்டு. 32 பிட் அகலத்தில் 4096 வரிகள் கொண்ட நினைவகத்தை வெரிலாக்கில் சாதாரண வரிசையாக அறிவித்து, நினைவகத் தொகுதி எதுவும் இணைக்காமல் யோசிஸில் ஓட்டுங்கள். ஒரே வரி அறிவிப்பு, 1,31,072 ஃபிளிப்-ஃபிளாப்களாக விரியும். கணினி திணறும் சத்தத்திலேயே பாடம் புரிந்துவிடும்.

செய்ததைச் சிலிக்கானிலும் பார்க்க ஆசையா? 2022இல் தொடங்கிய டைனி டேப்அவுட் என்ற திட்டத்தில் பலருடைய சின்னச் சின்னச் சுற்றுகள் ஒரே சிப்பில் இடம் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கட்டம் சுமார் 160க்கு 100 மைக்ரோமீட்டர். 8 உள்ளீடு, 8 வெளியீடு, இருவழியாக இன்னும் 8. அந்தச் சின்ன இடத்துக்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிப்பதே நல்ல பயிற்சி. இந்த யோசனையும் புதிதல்ல. 1978இல் எம்ஐடியில் லின் கான்வே நடத்திய பாடத்தில் மாணவர்களின் வடிவமைப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு உண்மையான சிப்பாக வார்க்கப்பட்டன.

ஜனவரி 21

மேலே எழுதியதைப் படித்துவிட்டு சிப்பை வார்க்க இப்போதே பதிவு செய்யப்போகிறேன் என்கிறார் ஒருவர். கொஞ்சம் பொறுங்கள். சிப் கையில் வர மாதங்கள் ஆகும். நடுவில் ஏற்பாட்டு நிறுவனமே மூடப்படலாம். 2025இல் ஈஃபேப்லஸ் மூடப்பட்டபோது பலருடைய சிப்கள் நடுவழியில் நின்றன. எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. சிப் வந்தது, விளக்கு எரிந்தது என்ற படத்தைத் தன்விவரக் குறிப்பில் ஒட்டிக்கொண்டு வருபவரிடமும் நான் அதே லோட், கூட்டல் மாதிரிக் கேள்வியைத்தான் கேட்பேன். டைமிங் அறிக்கையில் மிக மோசமான பாதை எது, ஏன் அது, அதைக் குறைக்க என்ன செய்து பார்த்தீர்கள் என்பதற்கு ஐந்து நிமிடம் பேச முடிந்தால், சிப் வராவிட்டாலும் குறைவில்லை.

ஜனவரி 24

ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: அறுபது பேர் வகுப்பு, ஆய்வக நேரம் குறைவு, எங்கே தொடங்குவது?

வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் கூட்டல் சுற்று எழுதுவார்கள், கவுண்டர் எழுதுவார்கள், பக்கத்து மேசையைப் பார்த்து முடித்துவிடுவார்கள். உடைந்த வடிவமைப்பைக் கொடுங்கள். முந்நூறு வரிகளில் ஒரு யுஆர்ட் (தரவைப் பிட் பிட்டாக அனுப்பிப் பெறும் சுற்று), அதில் நீங்களே மூன்று பிழைகளை ஒளித்துவையுங்கள். ஒன்று, பிட்டின் நடுவில் மாதிரி எடுக்காமல் விளிம்பில் எடுப்பது. இன்னொன்று, எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட்டைப் பார்க்காமலே அடுத்த எழுத்துக்குத் தாவுவது. மூன்றாவது, வெளியிலிருந்து வரும் சிக்னலை, உள் கிளாக்கோடு பொருத்தும் ஒத்திசைப்பான் இல்லாமல் நேராக நிலை எந்திரத்துக்குள் விடுவது. முதலிரண்டும் டெஸ்ட்பெஞ்சில் மாட்டும், அதுவும் அனுப்புபவரின் பாட் (பிட் அனுப்பும்) வேகத்தைச் சற்று விலக்கிவைத்து, தவறான ஸ்டாப் பிட்டையும் அனுப்பிப் பார்த்தால்தான். மூன்றாவது எத்தனை முறை ஓட்டினாலும் மாட்டாது. நிரலை வாசித்துத்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சிமுலேட்டர் காட்டிவிடும் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் நொறுங்க வேண்டும்.

மதிப்பெண்ணை ஓடிய முடிவுக்குக் கொடுக்காமல், பிழையை எப்படி நெருங்கினார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்புக்குக் கொடுங்கள். அறுபதையும் படிக்க வேண்டுமே என்று முணுமுணுப்பது எனக்கும் கேட்கிறது.

ஜனவரி 25

செயற்கை நுண்ணறிவே வெரிலாக் எழுதித் தருகிறதே என்ற கேள்வி வராமல் இருக்குமா. எழுதட்டும். நான்கூட டெஸ்ட்பெஞ்சின் சலிப்பான பகுதிகளை அதனிடம் தள்ளுகிறேன். எழுதியது சரியா என்று சொல்ல ஆள் வேண்டும், 13ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.

ஜனவரி 28

எழுதவும் படிக்கவும் வெவ்வேறு கிளாக் கொண்ட ஒத்திசைவற்ற ஃபைஃபோவின் ஆழம் 2இன் அடுக்காகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுட்டியை மறுபக்கம் அனுப்பப் பயன்படும் கிரே குறியீடு (அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ஒரே பிட் மாறுவது) வேலை செய்யாது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதி சரி.

ஆழம் 6 என்று வையுங்கள். நிறைந்ததையும் காலியானதையும் பிரித்தறிய சுட்டி இருமடங்கு தூரம் ஓட வேண்டும், 0 முதல் 11 வரை. 11இன் கிரே 1110, அடுத்து வரும் 0இன் கிரே 0000. மூன்று பிட்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன, அவர் பயந்தது இதற்குத்தான். ஆனால் 0இலிருந்து தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? 2 முதல் 13 வரை ஓடவிடுங்கள். 13இன் கிரே 1011, 2இன் கிரே 0011. ஒரே பிட். ஆழம் எதுவானாலும் இருமடங்கு என்பது இரட்டைப்படை எண்தான், நடுவிலிருந்து இப்படி வெட்டிக்கொள்ளலாம். ஒரே தொல்லை: மேல் இரண்டு பிட்கள் தலைகீழ், மற்றவை சமம் என்றால் நிறைந்தது என்ற வழக்கமான குறுக்குவழி இங்கே செல்லாது. 2உம் 8உம் கிரேயில் 0011, 1100, நான்கும் தலைகீழ். இருமமாக மாற்றிக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் எல்லோரும் 8 ஆழம் போட்டுவிட்டுப் போகிறோம்.

பிப்ரவரி 1

அனலாக் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரே வரி: கரன்ட் மிரர், டிஃபரன்ஷியல் பேர் என்ற அடிப்படைச் சுற்றுகள் இரண்டுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டு விடையை எழுதிவைத்த பிறகே என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டரைத் திறக்கவும். நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை; அந்தப் பக்கத்து நண்பர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வது இது.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 8 ஆழத்தில் ஒத்திசைவற்ற ஃபைஃபோ எழுதியிருக்கிறார், எல்லாச் சோதனையும் தேறியதாம். எழுதும் கிளாக் 10, படிக்கும் கிளாக் 20 நானோவினாடி. தயவுசெய்து 10, 20 வேண்டாம், விளிம்புகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். 7, 13 என்று வையுங்கள். பிறகு ஒன்று செய்யுங்கள்: கிரே மாற்றத்தை வேண்டுமென்றே நீக்கி, இருமச் சுட்டியை அப்படியே மறுபக்கம் அனுப்புங்கள். உங்கள் சோதனை அதைப் பிடிக்கிறதா?

பிப்ரவரி 8

பிடிக்கவில்லையாம். உடைத்த பிறகும் எல்லாம் தேறுகிறது, அப்படியானால் கிரே எதற்கு என்று கேட்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இது.

ஆர்டிஎல் சிமுலேஷனில் சுட்டியின் நான்கு பிட்களும் ஒரே நொடியில் மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. சிப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நீளம். 3இலிருந்து 4க்குப் போகும்போது 0011, 0100 ஆகிறது. மூன்று பிட்கள் மாறும் அந்த நேரத்தில் படிக்கும் கிளாக் விளிம்பு விழுந்தால், 0111 என்றுகூடப் பிடிபடலாம். நான்கு எழுதியிருக்கும்போது ஏழு இருப்பதாக நம்பிப் படிக்கும் பக்கம் குப்பையை அள்ளும். ஒத்திசைப்பானின் சிமுலேஷன் மாதிரியில், பிடிக்கும் கிளாக் விளிம்பை ஒட்டி மதிப்பு மாறும் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனியாக, தற்செயலாக ஒரு சுழற்சி கூடுதல் தாமதம் சேர்க்கும்படி சில வரி எழுதுங்கள். சிந்தசிஸுக்கு அது போகாதபடி இஃப்டெஃப் போட்டு ஒதுக்குங்கள். ஆயிரம் முறை வெவ்வேறு சீட் மதிப்புகளோடு (தற்செயல் எண்களின் தொடக்கம்) ஓட்டுங்கள். கிரே உள்ளது எல்லா முறையும் தேற வேண்டும், இருமம் எங்கேயாவது விழ வேண்டும். விழுந்த முதல் ஓட்டத்தின் அலைவடிவத்தைச் சேமித்து, எந்தச் சுழற்சியில் சுட்டி இல்லாத மதிப்பைக் காட்டியது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.